துணைக்கு ஆள் கேட்ட இன்ஜின்

செவக்காட்டூர் பலவேசத்தின் வேன் இனிமேல் தனியாக ஓட மாட்டேன் என்று நின்றது ஒரு மார்கழி மாதம், பட்டப்பகலில், கழுகுமலை ரோட்டில் பஞ்சு மில் வளைவுக்குப் பக்கத்தில். ஏன் நின்றது என்று கேட்டால் எங்கள் ஊரில் ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள், ஒன்றையும் நம்ப வேண்டாம், ஏனென்றால் காரணம் தேடுவதில் நாங்கள் யாருமே அதிக நேரம் செலவழிக்கவில்லை. மழை பெய்தால் குடை எடுக்கிறோம், வேன் ஆள் கேட்டால் ஆள் அனுப்புகிறோம், எங்கள் கெட்டிக்காரத்தனம் அவ்வளவுதான்.

பலவேசம் ஐஸ் பெட்டிக்காரர். செத்தவர்களை, பிள்ளைகள் வெளியூரிலிருந்து வந்து முகம் பார்க்கிறவரைக்கும் கெடாமல் வைத்திருக்கிற கண்ணாடி மூடி போட்ட பெட்டி எங்கள் சுற்றுவட்டாரத்திலேயே அவரிடம் மட்டும்தான் இருந்தது. பிள்ளைகளெல்லாம் மும்பையிலும் மஸ்கட்டிலும் திருப்பூரிலும் இருந்தபடியால் பெட்டிக்கு வேலையும் இருந்தது. அவர் பெட்டியை வேனின் பின்பக்கம் ஏற்றிக்கொண்டு போவார், சாவு வீட்டில் இறக்குவார், பிளக்கைச் சொருகிக் குளிர் ஏறுகிறதா என்று உள்ளங்கையால் தொட்டுப் பார்ப்பார், போய்விடுவார். சாவு வீட்டில் யாரையும் வாங்க என்று கூப்பிடக் கூடாது, புறப்படுகிறவர்களும் போயிட்டு வாரேன் என்று சொல்லக் கூடாது. மற்றவர்களுக்கு அது எப்போதாவது ஒரு நாள் கடைப்பிடிக்கிற முறை, பலவேசத்துக்கு அதுவே வாழ்க்கையாக இருந்தது. அவரை வாங்க என்று யாராவது கூப்பிட்டு எத்தனை காலம் ஆயிற்று என்பது அவருக்கே நினைவில்லை.

எங்கள் ஊர் ரோட்டில் பால் வண்டிக்குக் கை காட்டி ஏறுவோம், செங்கல் லாரிக்குக் கை காட்டி ஏறுவோம், டிராக்டரில் உர மூட்டைமேல் உட்கார்ந்துகூடப் போவோம், ஆனால் பலவேசத்தின் வேன் வருவது தெரிந்தால் பஸ் வரவில்லையென்றாலும் பரவாயில்லை என்று வேப்பமரத்தைப் பார்த்துத் திரும்பிக்கொள்வோம். அவர் டீக்கடைப் பக்கம் வண்டியை நிறுத்தினால், "நீங்க எதுக்கு அண்ணாச்சி எறங்கிக்கிட்டு" என்று மிகுந்த மரியாதையோடு டம்ளர் வண்டிக்கே போய்விடும். அந்த மரியாதையின் அர்த்தம் அவருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். பெண் பார்க்கப் போன வீடுகளிலெல்லாம் மாப்பிள்ளைக்கு என்ன தொழில் என்ற கேள்வி வந்ததும் காப்பி ஆறிப்போயிற்று. இப்படியே ஐம்பது வயதும் ஆகிவிட்டது. பெட்டி நிற்கிற ஷெட்டுக்குப் பின்னாலேயே ஓர் அறை எடுத்து, தானே பொங்கித் தானே தின்று, பெட்டியின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு அவர் இருந்தார்.

வளைவில் வேன் நின்றதும் பலவேசம் இறங்கி நடந்துபோய் மெக்கானிக் பீர் முகமதுவைக் கூட்டிவந்தார். பீர் பாயும் அவரும் ஒரே வயது, ஒரே பள்ளிக்கூடம். எங்கள் ஊரில் பலவேசத்தை 'வே' போட்டுக் கூப்பிடுகிற ஒரே ஆள் அவர்தான். பாய் வந்தார், பானெட்டைத் திறந்தார், மூடினார், பலவேசத்தைப் பக்கத்தில் உட்காரச் சொல்லிவிட்டுச் சாவியைத் திருப்பினார். வண்டி கப்பென்று பிடித்துக்கொண்டது.

"ஏர் லாக்கா இருக்கும்வே" என்றார்.

மறுநாள் அதே வளைவில் மறுபடி நின்றது. டீசல் டேங்கை இறக்கிக் கழுவினார்கள், ஃபில்டரை மாற்றினார்கள், செல்ஃப் மோட்டாரைப் பிரித்தார்கள், இன்ஜெக்டர்களைக் கோவில்பட்டிக்குக் கொடுத்தனுப்பி டெஸ்ட் பண்ணி வாங்கினார்கள். ஒவ்வொரு வேலையும் முடிந்து டிரையல் போகும்போது வேன் குளத்தங்கரை வரைக்கும் வாடகைக் காரைப் போல வழுக்கிக்கொண்டு போய் வரும், பலவேசம் தனியாக எடுத்துக்கொண்டு கிளம்பினால் வளைவில் நின்றுவிடும். பாயிடம் ஒரு வழக்கம் உண்டு. டிரையல் பார்க்கும்போது வண்டிக்காரனைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளாமல் அவர் சாவியைத் தொட மாட்டார். "ஒம்ம வண்டிச் சத்தம் எனக்கு இன்னைக்குத்தான் பழக்கம், உமக்குத்தான் காலகாலமாப் பழக்கம், எது புதுச் சத்தம்னு நீரே சொல்லும்" என்பார். நல்ல வழக்கம்தான், அந்த வழக்கத்தினால்தான் அவருடைய பட்டறையில் வேலை செய்த வண்டி திரும்பி வராது என்ற பெயர். ஆனால் அதே வழக்கத்தினால் அந்த வேனின் கோளாறு மட்டும் அவர் கண்ணில் படாமலே தப்பித்துக்கொண்டிருந்தது.

கடைசியில் டிரையல் நடுவே பலவேசத்துக்கு அலுத்துப்போய், டீக்கடையில் இறங்கி, நீங்க போயிட்டு வாங்க பாய் என்று சொன்ன அந்த நிமிஷத்தில், வளைவு வரைக்கும்கூடக் காத்திருக்காமல் இன்ஜின் நின்றது. பலவேசம் டம்ளரும் கையுமாக ஏறி உட்கார்ந்து என்ன பாய் என்று கேட்டார், ஸ்டார்ட் ஆயிற்று. பாய் யோசனையோடு தான் இறங்கினார், நின்றது. ஏறினார், ஓடியது. டீ ஆறிப்போகிறவரைக்கும் இரண்டு பேரும் மாறி மாறி இறங்கி ஏறிக்கொண்டிருந்தார்கள். கடையிலிருந்த நாங்கள் யாரும் வாயைப் பிளக்கவில்லை. "பொணப் பெட்டியோடயே சுத்துதுல்லா, அதுக்கும் பயமா இருக்கும்லா" என்று ஒருவர் சொன்னார், மற்றவர்கள் ஆமாம் என்று வடையைப் பிய்த்தார்கள்.

பாய்க்கு மட்டும் மனசு ஆறவில்லை. ஆள் எடைக்கு அரிசி மூட்டையைத் தூக்கி சீட்டில் வைத்துப் பார்த்தார், வேன் அசையவில்லை. ஆட்டை ஏற்றிப் பார்த்தார், கன்றுக்குட்டியை ஏற்றிப் பார்த்தார், மூன்று மதத்துச் சாமி படங்களையும் வரிசையாக ஒட்டிப் பார்த்தார், செல்போனில் மச்சானைப் பேச வைத்து சீட்டில் கிடத்திப் பார்த்தார், எதற்கும் மசியவில்லை. நினைவில்லாமல் குடித்துக் கிடந்தவனைத் தூக்கி வைத்தபோது வேன் செருமிக்கொண்டு ஓடியது. கைக்குழந்தைக்குச் சந்தோஷமாக ஓடியது. ஆஸ்பத்திரியிலிருந்து பெட்டிக்குள் ஒருவரைக் கிடத்தி எடுத்துவர நேர்ந்த நாளில் பலவேசம் மனசுக்குள் ஒரு நம்பிக்கையோடு சாவியைத் திருப்பினார். ஓடவில்லை, செத்தவர்கள் கணக்கில் சேர்த்தியில்லை என்று அன்றைக்குத் தெரிந்தது.

பிறகு பாய் நீள ஸ்க்ரூடிரைவரின் நுனியை இன்ஜின் மேல் வைத்துப் பிடியைக் காதில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் கேட்டார். அடியிலிருந்து டொக் டொக் என்று ஒரு சத்தம் வந்தது. ஆயிலை இறக்கி விரலில் தேய்த்துப் பார்த்தார், விரலில் ஜிகினா ஒட்டின மாதிரி இரும்புத்தூள் மினுங்கியது.

"கேளும்வே. இதுக்கு ரெண்டு நோய் இருக்கு. கிராங்க் பேரிங் தேய்ஞ்சு போச்சு, அது எனக்குத் தெரிஞ்ச நோய். ஆளு இல்லாம ஓட மாட்டேங்குது, அது எனக்குத் தெரியாத நோய். பேரிங்கை இப்படியே விட்டா ஒருநாள் ராடு ஒடைஞ்சு பிளாக்கைப் பொத்துக்கிட்டு வெளிய வந்திரும்."

"அதுக்கு என்ன செய்ய பாய்?"

"இன்ஜினைப் பிரிச்சு, கிராங்கைக் கடைசல் பிடிச்சு, புது பேரிங் போடலாம். சத்தம் போயிரும். மத்த குணம் போனாலும் போவும், போவாட்டாலும் போவாது. இல்லையா, இன்ஜினையே தூக்கிக் கடாசிட்டு வேற இன்ஜின் வச்சிரலாம். ரெண்டு நோயும் ஒண்ணாப் போயிரும்."

"பாக்கலாம் பாய்" என்றார் பலவேசம். அந்தப் 'பாக்கலாம்' பல மாதம் நீடித்தது.

எங்கள் சுற்றுவட்டாரம் இதற்குள் முறைகளைப் போட்டுக்கொண்டுவிட்டது. வீட்டில் ஒருவர் கண்ணை மூடினால், முதலில் சொந்தபந்தத்துக்குச் சொல்ல வேண்டும், அப்புறம் பந்தலுக்குச் சொல்ல வேண்டும், அப்புறம் பெட்டிக்குத் துணை ஆள் அனுப்ப வேண்டும். கொள்ளி வைக்கிறவர் போகக் கூடாது, வீட்டில் மாசமாக இருக்கிற பெண்ணின் புருஷன் போகக் கூடாது, இப்படிக் கழித்துக் கழித்துப் பார்த்தால் மிஞ்சுகிறவர் யாரோ அவரைத்தான் அனுப்பினார்கள். மிஞ்சுகிறவர் எப்போதும் ஒரே ரக ஆளாகத்தான் இருந்தார்: செத்தவரோடு பேச்சுவார்த்தை இல்லாத தம்பி, எல்லாரும் அழும்போது அழுகை வராமல் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்ற மருமகள், எந்த வேலையும் கொடுக்கத் தோன்றாத வீட்டோடு மாப்பிள்ளை. பஸ்ஸைப் பிடித்து ஷெட்டுக்கு வருவார்கள், மூக்கைப் பொத்திக்கொண்டு ஏறுவார்கள், பஞ்சு மில் வளைவு வரைக்கும் ஒன்றும் பேச மாட்டார்கள். வளைவு தாண்டியதும் பேசுவார்கள். ஏன் பேசினார்கள் என்றால், வீட்டில் அவர்கள் பேச்சைக் கேட்க அன்றைக்கு ஒருவரும் இல்லை, வேனில் ஒருவர் இருந்தார். பங்காளிச் சண்டையில் வரப்பை வெட்டிப்போட்ட அண்ணன்தான் சின்ன வயசில் தன்னைத் தோளில் வைத்துக் கோவில் கொடை பார்க்கக் கூட்டிப்போனான் என்று ஒருவர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதார். மாமியார் தன்னைத் திட்டாத நாளே இல்லை, நாளையிலிருந்து காலையில் எந்தச் சத்தத்துக்கு எழுந்திருப்பேன் என்று தெரியவில்லை என்று ஒரு மருமகள் சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டு அப்புறம் சிரிக்க முடியாமல் ஆனாள். பலவேசம் பதில் சொல்ல மாட்டார். கியரைக் குறைத்துக்கொள்வார், அவ்வளவுதான்.

பெட்டியை இறக்கியபின் அவரால் திரும்பிப் போக முடியாது, துணைக்கு வர அந்த நேரத்தில் சாவு வீட்டில் யாருக்கும் கை ஒழியாது. அதனால் அடக்கம் முடிந்து பெட்டி காலியாகிறவரைக்கும் அவர் அங்கேயே தங்க வேண்டியதாயிற்று. முதலில் பந்தலுக்கு வெளியே நின்றார், பிறகு பந்தலுக்குள் ஒரு நாற்காலி கொடுத்தார்கள், பிறகு பக்கத்து வீட்டில் சமைத்ததை அவருக்கும் ஓர் இலையில் வைத்தார்கள், பிறகு, "அண்ணாச்சி, இந்தக் கயித்தைக் கொஞ்சம் பிடிங்க" என்று வேலை ஏவினார்கள். வேலை ஏவப்பட்ட அன்றைக்கு அவர் அடைந்த சந்தோஷம் இவ்வளவு அவ்வளவு இல்லை. ஷெட்டுக்குத் திரும்பியதும் பக்கத்து சீட்டுக்குப் பூப்போட்ட உறை வாங்கித் தைத்துப் போட்டார், சாய்ந்துகொள்ள ஒரு தலையணை வைத்தார், தண்ணீர் பாட்டில் வைத்தார், வெற்றிலை போடுகிறவர்களுக்கு வெற்றிலை வைத்தார்.

ஆனால் சாவு இல்லாத வாரங்களும் வந்தன. அப்போது அவர் ஷெட்டு வாசலில் உட்கார்ந்து பூப்போட்ட உறையில் ஒட்டாத தூசியைத் தட்டிக்கொண்டிருப்பார். போன் மணி அடிக்காதா என்று இருக்கும். அடித்தால் யாரோ செத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். அந்த நினைப்பு வந்ததும் தாயே மன்னிச்சிரு என்று கன்னத்தில் போட்டுக்கொள்வார், போட்டுக்கொண்டபின்னும் காது போன் பக்கமே இருக்கும். மனுஷ வாடைக்கு இப்படி ஏங்கிப்போனோமே என்று அவருக்குத் தன்னை நினைத்தே வெட்கமாக இருந்தது. டொக் டொக் சத்தம் மட்டும் மாதத்துக்கு மாதம் பெரிதாகிக்கொண்டு வந்தது, பாய் வழியில் பார்க்கும்போதெல்லாம் கையை உயர்த்தி என்னவே முடிவு என்பார், இவர் பாக்கலாம் என்பார்.

சித்திரை மாதம் அம்மன் கொடைத் திருவிழாவுக்குப் பந்தக்கால் நாட்டினார்கள். எங்கள் ஊரில் கால் நாட்டிக் காப்புக் கட்டிவிட்டால் கொடை முடிகிறவரைக்கும் சாவு வீட்டு வாசலை மிதிக்கக் கூடாது, சாவுப் பொருளைத் தொடக் கூடாது. எங்களைச் சேர்ந்த சின்ன ஊர்களுக்கும் அதேதான் கட்டுப்பாடு. பெட்டித் தொழில் என்பதால் பலவேசத்துக்கு மட்டும் யாரும் காப்புக் கட்டுவதில்லை. காப்புக் கட்டிய மறுநாள் காலையில் ஊசிமேட்டிலிருந்து பலவேசத்துக்குப் போன் வந்தது. பேசியது கனகமணி. சங்கரலிங்கத்தின் மகள். கல்யாணம் ஆகாதவள், நாற்பது தாண்டியவள், தகப்பனும் மகளுமாகக் கரிசல் காட்டு ஓரத்து வீட்டில் தையல் மிஷினோடு இருந்தார்கள்.

"அண்ணாச்சி, அப்பா தவறிட்டாங்க. பெட்டி வேணும். தம்பி மும்பையிலருந்து கெளம்பிட்டான், வந்து சேர நாளைக்குச் சாயங்காலம் ஆயிரும்."

"ஆளு அனுப்பி வைம்மா, இப்பவே கெளம்புதேன்."

அந்தப் பக்கம் ஈரத்துணியைப் பிழிகிற சத்தம் கேட்டது.

"ஆளு யாரும் இல்லையே அண்ணாச்சி. எல்லாரும் காப்புக் கட்டியிருக்காங்க. நான் வரலாம்னா அப்பா தனியால்லா கெடப்பாங்க."

செத்தவரை எடுக்கிறவரைக்கும் தனியாக விடக் கூடாது, தலைமாட்டில் விளக்கும் பக்கத்தில் ஓர் ஆளும் இருந்தாக வேண்டும். அது எல்லாருக்கும் தெரிந்தது. பலவேசம் நான் பாத்துக்கிடுதேன் என்று சொல்லிவிட்டுத் தெருவில் இறங்கினார். ஒவ்வொரு வாசலிலும் நின்று கேட்டார். ஒவ்வொருவரும் மணிக்கட்டை நீட்டி மஞ்சள் கயிற்றைக் காட்டினார்கள். "தப்பா நெனைக்காதீங்க அண்ணாச்சி, அம்மன் காரியம்லா" என்றார்கள். பெட்டியை வேறு வண்டியில் ஏற்றிப் போகலாமா என்று கேட்டார், ஊர் வண்டிகள் எல்லாம் முன்பக்கம் வேப்பிலை கட்டிக்கொண்டு நின்றன. எங்கள் ஊர்க் குடிகாரர்கள்கூடக் காப்புக் கட்டியிருந்தார்கள், அந்த ஒரு வாரம் குடிக்காமல் வேறு இருந்தார்கள். பீர் பாய் இருந்திருந்தால் ஒரு பேச்சுப் பேசாமல் ஏறியிருப்பார், அவர் பட்டறையைப் பூட்டிவிட்டு மேலப்பாளையத்துக்குக் கல்யாணத்துக்குப் போயிருந்தார். பஸ் ஸ்டாண்டில் நின்ற வெளியூர்க்காரர்களைக் கையைப் பிடித்துக் கூப்பிட்டார், அவர்கள் பெட்டியைப் பார்த்ததும் கையை உதறிக்கொண்டார்கள்.

அவர் ஷெட்டுக்குத் திரும்பி வந்து வேனில் தனியாக ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு ஸ்டீரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டு, "இன்னைக்கு ஒரு நாள் மட்டும்" என்று வாய்விட்டுக் கெஞ்சினார். இன்ஜினுக்கு அந்தக் குரல் போதவில்லை.

ஐஸ் கம்பெனியில் ஒரு பாளம் வாங்கி, உமி கொட்டிச் சாக்கில் சுற்றி, சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு அவர் கத்திரி வெயிலில் மிதித்தார். ஊசிமேட்டுக்குப் போய்ச் சேரும்போது பொழுது சாய்ந்துவிட்டது, சாக்கு நனைந்திருந்தது, உள்ளே இரண்டு கை அள்ளுகிற அளவுக்குத்தான் ஐஸ் மிச்சம். கனகமணி ஈரத்துணியை மாற்றிக்கொண்டிருந்தாள். காலையிலிருந்து அதையேதான் செய்துகொண்டிருந்திருக்கிறாள். அவர் மிச்ச ஐஸை அவள் கையில் கொடுத்தார், அவள் தகப்பனின் கன்னத்தோரம் வைத்தாள்.

"நாம ரெண்டு பேரும் போனா வேனை எடுத்துட்டு வந்திரலாம். கதவைப் பூட்டிட்டு..." என்று பலவேசம் இழுத்தார்.

"இத்தனை வருசமா நாங்க ரெண்டு பேருதான் அண்ணாச்சி. இன்னைக்கு மட்டும் எப்படி விட்டுட்டு வர?"

அவருக்கும் கேட்டிருக்கக் கூடாது என்று தெரிந்தது. ஒருவர் இங்கே இருக்க வேண்டும், இருவர் அங்கே இருக்க வேண்டும், இருப்பது இரண்டே பேர். எப்படிப் பிரித்தாலும் ஓர் ஆள் குறைந்தது.

காலையில், அதற்குமேல் வைத்திருக்க முடியாமல், காட்டு ஓரத்திலேயே பலவேசம் குழி வெட்ட, இரண்டு பேருமாக அடக்கம் செய்தார்கள். சாயங்காலம் தம்பிக்காரன் மும்பையிலிருந்து பையும் கையுமாக வந்து, ஈரமண் குவியலுக்குப் பக்கத்தில் செருப்பைக் கழற்றிவிட்டு, எந்தப் பக்கம் தலை என்று கேட்டான். பலவேசம் அங்கேதான் நின்றார், காட்டினார். கனகமணி ஒரு சுடுசொல் சொல்லவில்லை. "உங்களைக் குத்தம் சொல்ல மாட்டேன் அண்ணாச்சி. நீங்க வந்தீங்க. பெட்டி வரல" என்றாள். திட்டியிருந்தால் அவருக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

கொடை முடிந்து பாய் ஊர் திரும்பிய அன்றைக்கே பலவேசம் போய் நின்றார். அவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு வேனைப் பட்டறைக்குக் கொண்டுவந்தார்.

"இன்ஜினை மாத்திருங்க பாய்."

நடந்ததை அதற்குள் பாய் கேள்விப்பட்டிருந்தார். கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார், துடைத்து முடிகிற பாடில்லை. "ரிப்பேர் பண்ணிப் பாப்போம்வே. பேரிங் மாத்தினா அந்தக் குணமும் போனாலும் போயிரும். உமக்கும் இது... நல்லாத்தான இருந்துச்சு?"

"எனக்கு நல்லா இருந்துச்சு பாய். செத்தவங்களுக்கு நல்லா இல்ல."

"ஒரு தடவை பிரிச்சுப் பாத்துட்டுச் சொல்லுதேனே."

"ரிப்பேருன்னா அந்தக் குணம் போயிரக் கூடாதுன்னுதான் நான் உள்ளுக்குள்ள வேண்டிக்கிடுவேன். நான் வேண்டிக்கிடுவேன் பாய், எனக்கு என்னைத் தெரியும். அதான் மாத்தச் சொல்லுதேன்."

பாய் கை துடைத்த துணியைக் கீழே போட்டார். செயின் பிளாக்கைக் கட்டி இன்ஜினைத் தூக்கினார். எங்கள் ஊரில் பாதிப் பேர் அதைப் பார்க்க வந்திருந்தோம். எத்தனையோ பேரின் அழுகையைக் கேட்ட இன்ஜின் சங்கிலியில் தொங்கிக்கொண்டு ஆயில் சொட்டியது, பார்க்கக் கஷ்டமாகத்தான் இருந்தது. பிரித்துப் பார்த்தபோது பேரிங் தகடு காகிதம் கனத்துக்குத் தேய்ந்திருந்தது, இன்னும் ஒரு மாதம் தாங்கியிருந்தால் அதிசயம் என்று பாய் சொன்னார், அதுதான் அவர் அந்த இன்ஜினைப் பற்றி அதிசயம் என்று சொன்ன ஒரே விஷயம். அன்றைக்குத் தகப்பனின் பெயரை ரேஷன் கார்டில் நீக்க வந்த கனகமணியும் பட்டறைப் பக்கம் ஒதுங்கி நின்றாள். "இதுதானா?" என்று கேட்டாள். இதுதான் என்றார் பாய். அவள் தரையில் கிடந்த இன்ஜினையே கொஞ்ச நேரம் பார்த்தாள். "பாவம்" என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்குப் போனாள்.

திருச்சியில் பழைய வண்டி உடைக்கிற இடத்திலிருந்து வேறோர் இன்ஜின் வந்தது. பூட்டி முடித்ததும் பாய் தன் வழக்கத்தை முதல்முறையாக மாற்றிக்கொண்டு, "நீரு மட்டும் போயிட்டு வாரும்" என்று சாவியை நீட்டினார். பலவேசம் தனியாக ஓட்டிப் போனார். வளைவில் வேன் நிற்கவில்லை. குளத்தங்கரையில் அவராகத்தான் நிறுத்தினார், எதற்கு நிறுத்தினோம் என்று தெரியாமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டுத் திரும்பினார்.

"எப்படி இருக்கு?"

"சத்தமே இல்ல பாய்" என்றார்.

ஊருக்கு நிம்மதி. இனி சாவு வீட்டில் ஆள் தேட வேண்டியதில்லை, பஸ் பிடிக்க வேண்டியதில்லை. போன் பண்ணினால் பெட்டி தானாக வந்தது. பிளக்கைச் சொருகியதும், "நீங்க கெளம்புங்க அண்ணாச்சி, உங்களுக்கு ஆயிரம் சோலி இருக்கும்" என்றார்கள். நாற்காலி அவருக்காக நகரவில்லை. பேச்சுவார்த்தை இல்லாத தம்பிகளும் அழுகை வராத மருமகள்களும் இப்போது வீட்டிலேயே சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள், என்ன செய்தார்கள் என்று யாருக்கும் தெரியாது. பலவேசம் வீட்டுக்கு வீடு சரியான நேரத்துக்குப் போனார், ஒரு பிள்ளையும் முகம் பார்க்காமல் போகவில்லை. அந்த நிறைவு அவருக்கு இருந்தது. அது போக ஒன்றும் இல்லை. பூப்போட்ட உறையில் இப்போது நிஜமாகவே தூசி ஒட்டியது, அவர் தட்டவில்லை.

ஆவணியில் ஊசிமேட்டில் ஒரு வயதான அம்மாள் இறந்துபோனாள். பலவேசம் பெட்டியோடு போனார். ஆட்கள் இறக்கி வைத்தார்கள், அவர் பிளக்கைச் சொருகினார், உள்ளங்கையால் தொட்டுப் பார்த்தார். தலைமாட்டு விளக்குக்குத் திரி சரிசெய்துகொண்டிருந்தது கனகமணிதான். அவளும் பார்த்தாள், அவரும் பார்த்தார், சாவு வீடானதால் இருவரும் ஒன்றும் சொல்லிக்கொள்ளவில்லை. அவர் வெளியே வந்து வேனில் ஏறி உட்கார்ந்தார். சாவியில் கையை வைத்தார். மதியம் மூணு மணி வெயிலில் ரோடு வெறிச்சென்று கிடந்தது, ஷெட்டுக்குப் போனால் கண்ணாடி துடைக்க வேண்டியதுகூட இல்லை, பெட்டி இங்கே இருந்தது. அவர் சாவியைத் திருப்பவே இல்லை. கையை எடுத்துவிட்டு, பந்தலில் நின்றவர்களைப் பார்த்து, "வண்டி ஸ்டார்ட் ஆவ மாட்டேங்குது" என்றார்.

பந்தலில் நின்றவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இன்ஜின் மாற்றிய கதை எட்டு ஊருக்கும் தெரியும், இறக்கியதைப் பார்த்தவர்களே அதில் நாலைந்து பேர் நின்றார்கள். ஒருவர், அதான் புது இன்ஜின், என்று வாயெடுத்தார், பக்கத்திலிருந்தவர் அவர் காலை மிதித்தார். யாரும் பொய் என்று சொல்லவில்லை, யாரும் நான் வாரேன் என்றும் சொல்லவில்லை. பலவேசம் முகத்தைத் திருப்பி ஸ்டீரிங்கைப் பார்த்துக்கொண்டிருந்தார், கழுத்து வரைக்கும் வேர்த்துவிட்டது. சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொள்ள வழி தெரியவில்லை.

உள்ளேயிருந்து கனகமணி எண்ணெய்ச் செம்பைப் பக்கத்திலிருந்த பெண்ணிடம் கொடுத்துவிட்டு வந்தாள். குடத்துத் தண்ணீரில் கையையும் காலையும் கழுவிக்கொண்டாள். வேனின் மறுபக்கம் சுற்றி வந்து கதவைத் திறந்தாள், தலையணையை எடுத்து வெளியே நீட்டித் தூசியைத் தட்டினாள், பழையபடி வைத்தாள், ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்தினாள்.

பலவேசம் சாவியைத் திருப்பினார். தொட்ட மாத்திரத்தில் இன்ஜின் பிடித்துக்கொண்டது, இழுவை இல்லை, டொக் டொக் இல்லை, அவர் சொன்னது பொய்யென்று பந்தலில் கடைசி ஆள்வரைக்கும் கேட்கும்படியாக அவ்வளவு சுத்தமாக ஓடியது. வேன் ஊர் எல்லையைத் தாண்டியது. அவர் கியரைக் குறைத்தார், வேன் கரிசல் காட்டு நடுவே மாட்டு வண்டி வேகத்தில் போனது.

"இன்னும் சரியாவலையோ?" என்று கேட்டாள்.

அவர் ரோட்டைப் பார்த்தபடியே, "இல்ல" என்றார்.

அவள் தலையணையில் சாய்ந்துகொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"பாய்கிட்டச் சொல்லிராதீங்க. மறுபடியும் மாத்திப்புடுவாரு" என்றாள்.